அம்மா பிடித்த கையைக் கழுவலாமா?

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையை முழுமையாய் நிறைத்திருக்கும் பெரியோர்களே, திரும்பி வந்த டிபன் டப்பாவைத் திறந்தே பிள்ளையின் மனதைப் படித்துவிடும் தாய்மார்களே, வீட்டில் வாய் திறக்க வழியின்றி மேடை தேடி அலையும் என் இனத்து அப்பாக்களே! வணக்கம்.

சுகாதார வாரத்தில் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? நான் சுத்தமானவன் என்பதாலா? என் சட்டைக் காலரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். என் மகள் இங்கே இரண்டாம் வகுப்பு. அதுதான் என் தகுதி. அதுவே என் தலைவிதி!

சென்ற மாதம் வகுப்பாசிரியை ஒரு குழந்தையின் உள்ளங்கையில் ஜிகினாத் தூளைத் தடவி, எல்லோரோடும் கைகுலுக்கச் சொன்னாராம். சற்று நேரத்தில் மேசை மின்னியது, கதவு மின்னியது, தின்ன வைத்திருந்த பிஸ்கட்டும் மின்னியது! "பாத்தீங்களா? தொட்டதெல்லாம் இப்படித்தான் ஒட்டிக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாராம். அருமையான பாடம்! அன்று முதல் எனக்கு நிம்மதியாய் ஒரு வாய் சோறில்லை. "கையக் காட்டுப்பா. நகத்தக் காட்டு. ஐயே, சட்டையிலயா துடைச்ச? போ, மறுபடி கழுவு!"

என்ன சிரிப்பு அங்கே? தூணோரத்து அண்ணே, உங்கள் வீட்டிலும் இதே இன்ஸ்பெக்டர்தானே?

என் மனைவி தொலைதூர நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். விடுப்பு கிடைத்தால் வருவாள். பையைப் பிரிப்பதற்குள் கிளம்புவாள். போன ஞாயிறு பஸ் நகரும்வரை ஜன்னல் வழியே மகளின் கையைப் பிடித்திருந்தாள். வீடு திரும்பித் தட்டு வைத்தேன். மகள் அமர்ந்தாள், உண்ணவில்லை.

"கை கழுவுடா கண்ணு."

"மாட்டேன்."

"சரி, அப்படியே சாப்பிடு."

"கழுவாம சாப்பிடக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"என்னதான்டி உன் சட்டம்?"

வலக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தொட்டதெல்லாம் ஒட்டிக்கும்ல? அப்ப அம்மாவும் இதுல இருப்பாங்க. கழுவினா போயிடுவாங்க."

ஊட்டிவிடப் போனேன், உதட்டை இறுக்கிக்கொண்டாள். வேறு வழி? மனைவிக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே நடந்ததைக் கேட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். பிறகு மகளிடம் பேசினாள்:

"தங்கம், அம்மா ஒவ்வொரு நோயாளியத் தொடுறதுக்கு முன்னாடியும் கழுவுறேன். கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சுபோச்சு. அதுக்காக நீ எங்கயாச்சும் போயிட்டியா? கழுவிட்டுச் சாப்பிடுடி. நீ பட்டினி கிடந்தா எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

மகள் எழுந்தாள். சோப்புப் போட்டு, விரலிடுக்கு விடாமல், நகக்கண் விடாமல் கழுவினாள். ஈரக்கையை முகர்ந்தாள். முகம் மலர்ந்தது. "அப்பா! அம்மா கையும் இப்படித்தான்பா மணக்கும்!"

ஆசிரியப் பெருமக்களே, கற்றுக்கொடுங்கள்! ஈ மொய்த்ததைத் தொடாதே என்று கற்றுக்கொடுங்கள்! உணவை மூடிவை என்று கற்றுக்கொடுங்கள்! கூடவே, சோப்பு எதையெல்லாம் கழுவாது என்றும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஏனெனில், நீங்கள் சொல்வதை அப்படியே நம்பி, பசியோடு உட்கார்ந்திருக்கும் உயிர்கள் அவை.

இப்போதெல்லாம் சாப்பிடும் முன் நான் கூடுதலாக ஒரு முறை கழுவுகிறேன். சுத்தத்துக்காக என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன்? நானும் முகர்ந்து பார்க்கிறேன்.

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.