கண்மாய்க்குப் போன ஓடிபி

“ஓடிபி மாட்டோட கண்மாய்க்குப் போயிருச்சுண்ணே.”

இதைக் கேட்ட பிறகு செய்தித்தாளில் என்ன இருக்கப்போகிறது? மடித்துவிட்டேன். பஸ் சமயநல்லூரைத் தாண்டி மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் கோளாறு பார்ப்பவர். மடியில் லேப்டாப், போன் ஸ்பீக்கரில். மறுமுனையில் அதே கம்பெனியில் வேலை செய்யும் பெண், அலங்காநல்லூர்க்காரி.

“புரியலையே மேடம்.”

“ஆபீஸ்ல வீட்டுக்காரர் நம்பரைத்தான் குடுத்திருக்கேன். எந்த ஃபாரம்னாலும் அவுக நம்பருதான். அவுக காளையக் குளிப்பாட்டப் போயிட்டாக, ஓடிபி வர்ற போனும் அவுககிட்டத்தான். கூப்பிட்டா எடுக்கல. பிள்ளை பெத்த லீவு முடிஞ்சு, இன்னைக்குத்தான் வீட்டுல இருந்து முத நாள் வேலை. பத்து மணிக்குள்ள லாகின் பண்ணலைன்னா நாளைக்கு ஆபீஸுக்கே வரச் சொல்லிருவாங்கண்ணே.”

“இப்பப் பேசுறது யாரு நம்பரு?”

“என்னுதுதான்.”

“அதையே மாத்திப் போடவா?”

குழந்தை சிணுங்குவது கேட்டது.

“அவுககிட்ட ஒரு வார்த்தை... வேணாம், போடுங்கண்ணே.”

அவர் ஊழியர் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து, எதையோ தட்டினார்.

“வந்துருச்சுண்ணே! எட்டு, நாலு...”

“ஐயோ, எங்கிட்டச் சொல்லாதீங்க! பஸ்ஸே கேக்குது. நீங்களே அடிங்க.”

பரவை மார்க்கெட் வந்தபோது, “உள்ள போயிட்டேண்ணே!” என்று கத்தினாள். உடனே, “இந்தா, இப்பத்தான் அவுக கூப்பிடுறாக” என்றாள்.

“எடுத்துப் பேசுங்க மேடம்.”

“இருக்கட்டும்ண்ணே. டியூட்டியில இருக்கேன்ல.”