கை மட்டும்

படத்தின் ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது யாரும் திரையைப் பார்ப்பதில்லை, மச்சான். அப்போதுதான் இருக்கை எண்ணைத் தேடுவார்கள், முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலை மறைக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், செல்போனை நோண்டுவார்கள். அந்தக் கூட்டத்தைப் படம் தொடங்குவதற்குள் வாயை மூட வைப்பதுதான் என் பிழைப்பு. தலைமுடி நரைக்கிற வரைக்கும் அதைத்தான் செய்திருக்கிறேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

உங்கள் தங்கையைப் படத்துக்கு அழைத்துப் போனதில் உங்கள் மேல் தப்பே இல்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாளே, ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தீர்கள். அது நான் வேலை செய்த படம் என்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. பெயர்கள் ஓடி முடிவதற்குள் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள் என்கிறீர்கள். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாளாம்: "சுவத்துக்கு அந்தப் பக்கம் அவர் பேசினாரு."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கமும் புரியும்.

அது ஆள் கடத்தல் படம். இயக்குநர் சின்ன வயது, ஆனால் வேலை தெரிந்தவர். முதல் சந்திப்பிலேயே சொன்னார்: "சார், பயம் வேற, பதற்றம் வேற. கத்தியக் காட்டினா பயம். கத்தி எங்க இருக்குன்னு தெரியலைன்னா பதற்றம். எனக்கு ரெண்டாவதுதான் வேணும்."

நான் சாவித் துவாரம் காட்டினேன். சொட்டும் குழாய் காட்டினேன். ஆடுகிற விளக்கு காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "நல்லா இருக்கு சார்" என்றார். எங்கள் தொழிலில் "நல்லா இருக்கு" என்றால் குப்பைக்கூடை என்று அர்த்தம்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. கடத்தியவனைக் காட்ட வேண்டாம், கடத்தப்பட்ட குழந்தையையும் காட்ட வேண்டாம். வீட்டில் காத்திருக்கிற தாயைக் காட்டலாம். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். இயக்குநர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு நடிகையை வைத்து எடுத்தோம். போட்டுப் பார்த்தபோது அவர் திரையை விரலால் காட்டினார்.

"இவங்க காத்திருக்கிற மாதிரி நடிக்கிறாங்க சார். காத்திருக்கலை. கை பொய் சொல்லுது பாருங்க."

அவர் சொன்னது சரி. கை பொய்தான் சொன்னது. எனக்குப் பதில் வேறு ஆளைப் பார்க்கலாமா என்று தயாரிப்பாளர் கேட்கிறார் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு தடவை ஓரங்கட்டிவிட்டால் இந்த வயதில் எனக்கு மறுபடி யார் கதவைத் திறப்பார்கள்?

நிஜமான கை என் வீட்டிலேயே இருந்தது, மச்சான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

எங்கள் பெண் வாலு வேலைக்காகப் பக்கத்து ஊருக்குப் போனதிலிருந்து உங்கள் தங்கைக்குச் சனிக்கிழமை என்றால் காத்திருப்பதுதான் வேலை. பெண் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன் என்று போனில் சொன்னதும் ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். கால் ஓடும், கை ஓடும், காது மட்டும் தெருவில் இருக்கும். ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் சக்கரத்தை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்துவாள். சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி மிதிப்பாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பார்களே, அது அவளுக்கு வாராவாரம் நடந்தது. பெண் வந்து நின்று, "என்ன டெய்லரம்மா, கடைய இன்னும் சாத்தலையா?" என்று கேட்ட பிறகுதான் அணையும்.

படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். மறைத்து எதுவும் செய்யவில்லை.

"என் மூஞ்சியெல்லாம் காட்டக் கூடாது."

"கை மட்டும்தான்."

"கைக்குச் சம்பளம் உண்டா?"

"பேரு போடறேன்."

"அய்யய்யோ வேணாம். வாலு பாத்தா ஒரு மாசத்துக்குச் சிரிப்பா" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். மிஷினுக்குப் பக்கவாட்டில் கேமராவை வைத்தேன். ஒலி கெட்டுவிடக் கூடாது என்று அவள் போனை அணைத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். என் போன் மட்டும் சத்தமில்லாமல் அதிரும்படி பக்கத்து அறை மேஜையில் இருந்தது. அவள் வாலுவுக்குப் பச்சைத் துணியில் ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பாக்கெட் வேண்டும் என்று பெண் கேட்டிருந்தாள்.

வாலு வர வேண்டிய நேரம் தாண்டிக் கொஞ்சம் ஆனபோது என் போன் அதிர்ந்தது. போய் எடுத்தேன். வாலுவின் எண், ஆனால் பேசியது ஒரு நர்ஸ். வளைவில் லாரி இடித்துவிட்டது, நினைவு இருக்கிறது, உடனே வாருங்கள், அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிதான்.

சொல்லத்தான் திரும்பி வந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வாசற்படிவரை வந்துவிட்டேன். அப்போது தெருவில் ஏதோ வண்டி போனது. அவள் சக்கரத்தை நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சம் அவள் விரல்களில் விழுந்தது. துணியைப் பிடித்திருந்த கை துணியை மறந்துவிட்டிருந்தது. பல நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு நொடியைத்தான். வாயைத் திறந்தால் அந்தக் கை போய்விடும். அதற்குப் பிறகு அது என்றைக்கும் திரும்பி வராது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு ஷாட் முடியட்டும் என்று நினைத்தேன்.

"போனக் குடுங்க, எங்க இருக்கான்னு கேக்கறேன்" என்றாள்.

"வழியில நின்னிருப்பா. இது முடியட்டும், குடுக்கறேன்."

"ரொம்ப நேரமாச்சுங்க."

"வருவா. நீ தை."

அவள் தைத்தாள். சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். அப்படி ஒரு தப்பு அவளிடம் நான் பார்த்ததே இல்லை. பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு நூலாக இழுத்து மடியில் போட்டாள். நீங்களும் திரையில் பார்த்திருப்பீர்கள், இயக்குநர் பெயர் வருவது அந்த நூல் மேல்தான். நான் வெளிச்சத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

இரண்டாவது தடவை போன் அதிர்ந்தது. பக்கத்து அறைக்குப் போய்ப் பேசினேன். இரண்டே வார்த்தை. திரும்பி வந்தேன். அவள் நிமிர்ந்து, "யாரு?" என்றாள். "எடிட்டர்" என்றேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் ஜன்னலைத் தாண்டிப் போனபிறகுதான் சொன்னேன். இப்போதுதான் போன் வந்தது என்றேன். அவள் செருப்புகூடப் போடவில்லை. ஆட்டோவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "சின்ன அடியாத்தான் இருக்கும், இல்லையா? அவ கெட்டிக்காரி, விழும்போதே பாத்து விழுந்திருப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் ஆமாம் என்றேன்.

நாங்கள் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

உங்கள் தங்கை கால்மாட்டில் உட்கார்ந்து பெண்ணின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஜில்லென்று இருக்கிறது என்று. அந்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பவே கிளம்பிட்டோம்னு சொன்னீங்களே சார்" என்றாள். போக்குவரத்து நெரிசல் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் நல்லவர். முன்னாலேயே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு பாரம் குறைந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று போட்டேன். அழிக்கிற மாதிரி இல்லை, மச்சான். வாழ்நாளில் நான் செய்ததிலேயே அதுதான் உண்மையானது. என் வீட்டில் நானே அழுதுகொண்டு அதை வெட்டி ஒட்டினேன். இசை சேர்த்த பிறகும் ஏதோ ஒன்று குறைந்தது. இசையை எடுத்துவிட்டு அறையின் இயல்பான சத்தத்தை மட்டும் விட்டேன். மிஷின் சத்தம், நூல் அறுகிற சத்தம், அப்புறம் சுவருக்குப் பின்னால் மெல்லிய ஆண் குரல். வார்த்தை புரியாது. அந்தக் குரல் வந்து போன பிறகு அவள் கை மறுபடி தைக்கத் தொடங்கும்போது பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். அதை நீக்கிப் பார்த்தேன். படம் செத்துவிட்டது. மறுபடி சேர்த்தேன்.

இயக்குநர் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் சார் கை பொய் சொல்லலை" என்றார்.

யாருக்கும் புரியாத அளவுக்குக் குரலைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். எத்தனையோ பேர் பார்த்தார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்கள் தங்கைக்குக் கேட்டுவிட்டது. அந்த அறை அவளுடையது, அந்தப் பச்சைத் துணி அவளுடையது. என்னோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தவள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுத்தால்கூட என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் குரல் எடிட்டரிடம் பேசவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவை பேசியது நர்ஸ் இல்லை. நர்ஸ் போனைக் காதோரம் பிடித்துக்கொள்ள, வாலுவே பேசினாள். மூச்சு வாங்கியது. "அப்பா, அம்மாவக் கூட்டிட்டு வாங்கப்பா. எனக்கு அம்மா வேணும்" என்றாள். சின்ன வயதில் ஜுரம் வந்தால் பேசுவாளே, அதே குரல்.

"வந்துட்டே இருக்கோம்" என்றேன்.

சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பி வந்து, இன்னும் ஒரு கோணத்தில் எடுத்தேன்.

அங்கே அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். இங்கே இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் நான் இருந்தேன். பெண்ணை நினைக்காத நாள் எனக்கு இல்லை, மச்சான். அந்தப் பச்சைச் சட்டையை ஒற்றைக் கையோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். யாரையும் தொட விடவில்லை.

ஆனால் உங்கள் தங்கையிடம் ஒன்றைச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், அண்ணன் சொன்னால் கேட்பாள். முதல் போன் வந்ததுமே சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவள் வயிறு எரிந்திருக்கும். நான் வாய் திறக்காமல் இருந்த வரைக்கும் பெண் வந்துகொண்டுதான் இருந்தாள், தெருவில் போன ஒவ்வொரு வண்டியும் வாலுவின் வண்டியாகத்தான் இருந்தது. பெண் வீட்டுக்கு வருவாள் என்று நம்பி ஒரு தாய் உட்கார்ந்திருக்கிற மத்தியானம் அது. அவளுக்குக் கடைசியாகக் கிடைத்த அந்த மத்தியானத்தை, என்னால் முடிந்த மட்டும் நீட்டிக் கொடுத்தேன். வேறு எந்தப் புருஷன் கொடுப்பான்?