குழலுக்குள் குழல்

எழுபது வயதைத் தாண்டியும் நான் கண்ணாடி போடுவதில்லை, ஐயா. சாயங்காலத்தில் விளக்கு ஏற்றாமலே செய்தித்தாள் படிப்பேன். மருமகள் புர்கி எங்கள் வீட்டில் இருந்தவரை ஊசியில் நூல் கோர்க்க என்னிடம்தான் கொண்டுவருவாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்கள் விசாரணைக் குழு கொடுத்த முடிவில் என் கண்ணைப் பற்றியும் கையைப் பற்றியும் எழுதியிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில், முதுமைத் தடுமாற்றத்தால், சைகைத் தோட்டா என்று நினைத்து எறிகுண்டைப் போட்டுச் சுட்டுவிட்டேனாம். தன் கையாலேயே மகனை இழந்த கிழவர் பரிதாபத்துக்குரியவராம். கருணையோடு எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தித் தரக் கேட்டுத்தான் வந்திருக்கிறேன்.

லெஹ்னர் குடும்பம் நாலு தலைமுறையாக வனக்காவலர் குடும்பம். எங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி தானாக வெடித்ததில்லை. என் அப்பா காயம்பட்ட மான் ஒன்றைத் தேடி மறுநாளும் மழையில் காட்டில் அலைந்தார். அரைகுறையாகச் சுட்டுவிட்டு வீட்டுக்கு வருவது எங்களுக்கு வழக்கமில்லை.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறேன். போரின் கடைசிப் பனிக்காலம் முடியும்போது ராணுவ லாரி வந்து எங்கள் ஊர்ப்படைக்கு ஆயுதம் இறக்கிவிட்டுப் போனது. ஊர்ப்படை என்றால் போருக்கு எடுக்காமல் ஒதுக்கிய கிழவர்கள். நான் தலைவன். பழைய துப்பாக்கிகள் சிலவற்றோடு இதுவும் வந்தது. வானத்தில் சைகை வெளிச்சம் விடுகிற, தடித்த குழல் கைத்துப்பாக்கி. யாரோ ஒரு பொறியாளர் அதையே எறிகுண்டு சுடும்படி மாற்றியிருந்தார். குழலுக்குள் செருக ஓர் உருக்குக் குழல், மேலே குறி பார்க்க ஒரு தகடு, தோளில் முட்டுக் கொடுக்க மடக்கிவைத்த கட்டை.

ரொட்டிக்கடை வென்டலின் அதைத் தூக்கிப் பார்த்தார். அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடம்.

"யோவ் லெஹ்னர், என்னய்யா இது, தவளைக்குக் கொம்பு மொளைச்ச மாதிரி? பெர்லின்ல அதிசய ஆயுதம், அதிசய ஆயுதம்னு சொன்னாங்களே, இதுதானா? அமெரிக்காக்காரன் சிரிச்சே செத்துருவான்."

"வாய மூடும். கேக்கக் கூடாதவன் காதுல விழுந்தா உம்மள மரத்துல தொங்கவிட்ருவான்."

"தொங்கவிடட்டும். அப்புறம் ஊருக்கு எவன் ரொட்டி சுடுவான்னு பாக்கறேன்."

அதன் இயல்பு ஒன்று உண்டு. உள்குழலைச் செருகியிருந்தால் சைகைத் தோட்டா உள்ளே போகாது. லாரியில் வந்த எறிகுண்டோ உள்குழல் இல்லாமல் நிற்காது. மாற்றிப் போட அதில் இடமே இல்லை. அன்று உள்குழல் இருந்ததா என்று தாங்கள் என்னைக் கேட்கவில்லை. இருந்தது. நான்தான் செருகினேன்.

அப்படியானால் எதைக் குறி பார்த்தாய் என்று கேட்பீர்கள். அன்று எங்கள் வீட்டு ஜன்னலில், சரணடைகிறோம் என்று காட்டும் வெள்ளைத் துணி தொங்கியது உண்மை. வெள்ளைத் துணி தொங்கும் வீட்டு ஆண்களைச் சுட்டுவிடலாம் என்று அப்போது ஓர் உத்தரவும் இருந்தது. துணியைத்தான் சுட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் துணி நடு ஜன்னலில் தொங்கியது. குண்டு போனது அதற்கு மேலே, கூரை அறையின் ஜன்னலுக்குள்.

என் மகன் கொர்பினியனும் வென்டலினின் மகன் அலாய்ஸும் கிழக்குப் போர்முனையில் ஒரே படைப்பிரிவில் இருந்தார்கள். இரண்டு பேரைப் பற்றியும் ஒரே நாளில் தகவல் வந்தது. காணவில்லை என்று மட்டும். காணாமல் போனவன் என்ற சொல் நல்ல சொல் அல்ல, ஐயா. பிடிபட்டானா, ஓடினானா என்று ஊர் இரண்டு விதமாகவும் பேசும். வென்டலின் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். நான் பாதிரியாரிடம் போய், இருவரும் போர்க்களத்தில் வீழ்ந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இரங்கல் பூசை நடந்தது. செபப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளும்படி அவர்கள் படம் அச்சடித்த இரங்கல் அட்டையை வீடுவீடாகக் கொடுத்தோம். சாவுச் சாப்பாடும் போட்டோம். கோயிலின் போர் நினைவுக் கல்லில், முந்தின போரில் வீழ்ந்த என் அண்ணன் பெயருக்குக் கீழே, கொர்பினியன் பெயரை வெட்டினார்கள். அதற்கும் கீழே அலாய்ஸ்.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை காட்டுப் பக்கத்துக் கதவு வழியாகக் கொர்பினியன் வந்தான். யாரோ பண்ணையாளின் கோட்டு, இரண்டு காலிலும் வேறு வேறு பூட்ஸ். புர்கி அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூரை அறையில் அவனை ஒளித்துவைத்தோம். புர்கியின் செபப் புத்தகத்தில் இருந்த தன் இரங்கல் அட்டையை அவன் எடுத்துப் பார்த்தான்.

"படம் நல்லாத்தான் இருக்குப்பா. செத்தவன் இப்படிப் பல்லக் காட்டலாமா? ஆமா, என் சாவுக்கு என்ன சாப்பாடு போட்டீங்க?"

"ஈரல் உருண்டை சூப்பு," என்றாள் புர்கி. "எனக்கு ஒரு வாய் எறங்கல. நீங்க பாட்டுக்குச் சிரிங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் உத்தரவில்லாமல் படையை விட்டு வந்தவன். அதை அவனே என்னிடம் சொன்னான். மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் சொன்னான்.

நான் அவனுக்கு வழி சொல்லாமல் இல்லை. மறுபடி காட்டுக்குள் போ, தூரத்து ஊரில் சரணடை, மற்றக் கைதிகளோடு கைதியாக வந்து சேர், கடவுளின் அற்புதம் என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இதைவிட நியாயமாக ஒரு தகப்பன் என்ன சொல்ல முடியும்?

"முடியாதுப்பா. அமெரிக்காக்காரன் வந்ததும் நேரா வென்டலின் மாமா கடைக்குத்தான் போறேன். அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லணும். பாவம், காத்துக்கிட்டிருப்பாரு."

"அவரு காத்துக்கிட்டு இல்ல. கல்லுல பேரு வெட்டியாச்சு."

"கல்லுல வெட்டிட்டா பெத்தவன் காத்திருக்கறத விட்ருவானா? உங்களுக்கு எப்படி இருந்துச்சுப்பா?"

கோயிலில், போரில் வீழ்ந்தவர்களின் தகப்பன்மாருக்கென்று முதல் வரிசை உண்டு. அதில் வென்டலினின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஓடி வந்தவனின் தகப்பனாக அங்கிருந்து எழுந்து, ஊர் பார்க்கப் பின்வரிசைக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அமெரிக்கர்கள் ஆற்றுக்கு அக்கரையில் வந்து நின்றார்கள். சாயங்காலம் புர்கி தன் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மேஜை விரிப்பை ஜன்னலில் கட்டினாள். எங்கள் குடும்ப எழுத்தை அவளே அதில் தைத்திருந்தாள்.

"எறக்கும்மா அத."

"எறக்க மாட்டேன் மாமா. ஊரே கட்டியாச்சு. அவரு வெளிய வரணும்."

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்கு வெந்நீர் போடப் போனாள். மழித்து முடித்ததும் முகம் கழுவ அவன் கேட்டிருந்தான். நான் விறகுக் கொட்டகைக்குப் போனேன். உள்குழலைச் செருகி, கட்டையை விரித்துத் தோளில் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் போதுமானதாக இருந்தது. கூரை ஜன்னலில் கொர்பினியன் சட்டத்தில் சாய்த்த கண்ணாடியைப் பார்த்து மழித்துக்கொண்டிருந்தான். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. என்னைப் பார்த்ததும் கத்தி பிடித்த கையைத் தூக்கிக் காட்டினான். அமெரிக்கர்கள் ஆற்றைக் கடந்தால் பச்சை வெளிச்சம் விடுவது என் வேலை. அதற்குத்தான் நிற்கிறேன் என்று நினைத்திருப்பான். அது சின்னக் குண்டு, ஐயா. அறையும் சின்ன அறை.

குண்டு அக்கரையிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் புர்கி மாடிக்கு ஓடி, அவன் பெயரைச் சொல்லி அலறினாள். தெருவே கூடிவிட்டது. வென்டலின் மாவுக் கையோடு ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். நான் கொட்டகை ஓரத்து ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரு கிளை ஒடித்துக்கொண்டு மேலே போனேன். வேட்டையில் விழுந்த மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கிளை வைத்து மரியாதை செய்வது எங்கள் வழக்கம். குறி வைத்துச் சுட்டதற்குத்தான் அந்த மரியாதை. தவறி விழுந்ததற்குக் கிடையாது. கூடியிருந்தவர்களில் புர்கி ஒருத்தி மட்டும் என் கையில் இருந்த கிளையைப் பார்த்தாள். வனக்காவலர் வீட்டுக்கு வாழ வந்தவள் அல்லவா. அவள் அலறல் அங்கேயே நின்றுவிட்டது. அன்றே பிறந்த வீட்டுக்குப் போனாள். தங்கள் விசாரணைக்கும் வரவில்லை. குடும்ப மானம் அவளுக்கும் புரிந்திருக்கிறது.

நான் தோட்டாக்களைத் தடவித் தடுமாறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் வென்டலின். அவர் அப்போது தன் கடையில் இருந்தார். என் மேல் இரக்கப்பட்டுப் பொய் சொன்னார். இப்போது எங்கள் ஊரில் ஓடி வந்த பையன்கள் பலர் சாராயக்கடையில் பீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன்மார் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள். தன் வீட்டுக் கறையைத் தானே துடைத்த வீடு ஒன்றுதான். அந்த வீட்டுக்காரனைக் கை நடுங்கிய கிழவன் என்று எழுதி வைக்கலாமா? இதுவரை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இனிச் சொல்வதை எழுத வேண்டாம்.

கைதிகளை ஏற்றிக்கொண்டு கிழக்கிலிருந்து ரயில் வரும்போதெல்லாம் வென்டலின் ஸ்டேஷனுக்குப் போகிறார். அக்குளில் ஒரு ரொட்டி. உன் கொர்பினியன் திரும்பி வந்தான்னா எம் அலாய்ஸும் வரலாம்தானே என்பது அவர் கணக்கு. போன வாரமும் என் வாசலில் வந்து நின்றார்.

"யோவ், நீ வருத்தப்படுவேன்னுதான் இத்தன நாளா அழுத்திக் கேக்கல. அந்த ரெண்டு நாள்ல உன் பையன் எம் பையனப் பத்தி எதாச்சும் சொன்னானாய்யா?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

சொன்னான். அலாய்ஸுக்கு வயிற்றில் அடி. விட்டுவிட்டுப் போகும்படி உத்தரவு. கொர்பினியன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்திருக்கிறான். ஒரு மாவுமில்லுக்குப் பக்கத்தில் அலாய்ஸ் இறந்துபோனான். அங்கேயே புதைத்துவிட்டு, அவன் அப்பாவிடம் இடத்தைச் சொல்வதற்காக இவன் வந்தான். ஆனால் உத்தரவை மீறிப் படையை விட்டுப் போனவனின் முதுகில் இருந்தவனும் ஓடிப் போனவன்தானே, ஐயா. உண்மை வெளியே வந்தால் அலாய்ஸின் பெயரும் அந்தக் கல்லில் நிற்காது. வென்டலினின் குடும்ப மானத்தையும் இத்தனை காலமாக நான்தான் காத்து வருகிறேன். அவருக்கு அது தெரியாது. நன்றியை எதிர்பார்த்து நான் எதையும் செய்கிறவன் அல்ல.