தொப்பியில் ஐந்து பறவை

— பொய் சொல்லாதே சாஸ்கியா. தலைவர் நாற்காலியை ரெண்டு பேருக்குமா எழுதிக் கொடுத்தே?

— நான் கொடுக்கலை ஹெண்ட்ரிகா அக்கா. அவங்க விட்டுக் கொடுத்துட்டாங்கன்னு இவங்களுக்கு எழுதினேன். இவங்க விட்டுக் கொடுத்துட்டாங்கன்னு அவங்களுக்கு.

— அப்போ நாளைக்குக் காலையில லண்டன் ஹெஸ்டரம்மாவும் பெர்லின் ஒட்டீலியம்மாவும் ஒரே நாற்காலியில உட்காருவாங்க. சமாதான மாநாடு ஜோரா நடக்கும்.

— ரெண்டு பேரும் ஒல்லிதானே அக்கா.

— வாயை மூடு. உனக்குக் கொடுத்த வேலை என்ன?

— யுத்தம் நடந்தப்போ சண்டை போட்ட நாடுங்க ஒண்ணுக்கொண்ணு தபால் எடுக்கலை. அதனால ரெண்டு பக்கத்துக் கடுதாசியும் எந்தப் பக்கமும் சேராத நம்ம ஆம்ஸ்டர்டாமுக்கு வரும். நான் என் கையால நகலெடுத்து, நம்ம தபால்தலை ஒட்டி அனுப்பணும்.

— நகலெடுத்து. அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்லு.

— நகல்தான் அக்கா. கொஞ்சம் சர்க்கரை போட்டு.

— எவ்வளவு சர்க்கரை?

— 'உன் தீர்மானம் காஞ்ச ரஸ்க் மாதிரி இருக்கு, தொண்டையில இறங்கலை'ன்னு ஹெஸ்டரம்மா எழுதினாங்க. நான், 'ரஸ்க் மாதிரி மொறுமொறுன்னு இருக்கு'ன்னு மாத்தினேன்.

— கர்த்தரே.

— அதுக்கு ஒட்டீலியம்மா, 'உயிர்க்கொலை கூடாதுன்னு பேசறவ தொப்பியில எதுக்குடி செத்த பறவை'ன்னு எழுதினாங்க. அதை எப்படி அனுப்புவேன்? அப்போ அங்கே பசங்க பதுங்குகுழியில செத்துக்கிட்டிருந்தாங்க, இவங்க தொப்பிக்குச் சண்டை போட்டாங்க. 'பறவை உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு, ஒண்ணு போதுமா'ன்னு எழுதிட்டேன்.

— ஓ, அதான் விஷயமா? மத்தியானம் ரயிலடிக்குப் போய் ஹெஸ்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். தலையில அஞ்சு பறவை. வண்டிக் குதிரை மிரண்டுச்சு. ஒட்டீலியாவுக்குப் பிடிக்கும்னு அவங்களுக்கு ஒரே பூரிப்பு.

— நல்லா இருந்ததா அக்கா?

— கோழிக்கூடு மாதிரி இருந்தது. இப்போ கேளு. இவங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டா, பிரெஞ்சுக்காரிங்க ஒரு பக்கம், ஹங்கேரிக்காரிங்க ஒரு பக்கம்னு கூட்டமே கலைஞ்சுடும். 'பொம்பளைங்க சமாதானம் ஒரு நாற்காலிக்குத் தாங்கலை'ன்னு பத்திரிகைக்காரன் எழுதுவான். யுத்தம் முடிஞ்சு முதல் மாநாடு இது. அப்புறம் எவன் நம்ம பேச்சைக் கேட்பான்?

— பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டா?

— அதுல எதைத் தலைவர் நாற்காலின்னு சொல்லுவே?

— அப்போ நான் ஊரை விட்டு ஓடிடறேன்.

— ஓடலாம். முதல்ல கதவைத் திற, யாரோ தட்டறாங்க.

— அக்கா... ஒட்டீலியம்மா.

— வாங்கம்மா, வாங்க. நாளைக்குத்தானே வர்றதா இருந்தது? இப்படி அடுப்புகிட்ட உட்காருங்க. பாதியா இளைச்சுட்டீங்களே.

— குளிர்காலம் பூரா டர்னிப் கிழங்கு தின்னா இளைக்கத்தான் செய்யும். போகட்டும். ஹெஸ்டர் பேர்ல எனக்கு வந்த கடுதாசியெல்லாம் எழுதினது உங்கள்ல யாரு?

— நகலெடுத்தது நான்தாம்மா. சாஸ்கியா.

— நகலைக் கேட்கலை. எழுதினதைக் கேட்டேன்.

— மன்னிச்சுக்குங்கம்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— இருபது வருஷப் பழக்கம். ஒரு தடவைகூட அவ என்னைப் பாராட்டினதில்லை. மொறுமொறுன்னு இருக்குன்னு வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அவ செத்துட்டான்னு. நாற்காலியை விட்டுக் கொடுத்துட்டான்னு வந்ததும் உறுதியாச்சு. யாரோ மனசு கேட்காம, எனக்காக அவ பேர்ல எழுதறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

— அப்படி நினைச்சுக்கிட்டுமா பதில் போட்டீங்க? அதுவும் திட்டித் திட்டி?

— அவளைத் திட்டாம இருந்து எனக்குப் பழக்கமில்லையேம்மா. போகட்டும். அவ கல்லறை எந்த ஊர்லன்னு கேட்கத்தான் ஒரு நாள் முன்னாடியே வந்தேன்.

— கல்லறையா? எதிர் ஓட்டல்ல, டீ தண்ணியா இருக்குன்னு சமையல்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருக்காங்கம்மா.

— யாரு?

— ஹெஸ்டரம்மாதான். தொப்பியில அஞ்சு பறவையோட.

— அஞ்சா? என் கோட்டை எடு பொண்ணே. நாற்காலியை அவளே வச்சுக்கட்டும். பக்கத்துல, திட்டினா காதுல விழற தூரத்துல, எனக்கு ஒரு முக்காலி போடு.