வேற கை நுழையாத ஒண்ணு

இல்ல சார், விலைக்காக யோசிக்கல. நீங்க சொன்னீங்களே அந்த சாஃப்ட்வேர் குடும்பப் பேக்கு, ஒரு தடவ வாங்கினா ஆறு பேர் உபயோகிக்கலாம்னு, அதுதான் வேண்டாம்ங்கறேன். ஆறு பேரா? ஐயையோ. எனக்கு ஒரு ஆளுக்குப் போதும். ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் நான்தான்.

எதுக்கா? லெட்டர் எழுதணும், கணக்குப் போடணும், அவ்வளவுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான். படம் ஓட்டறது, எழுத்தைப் பறக்க விடறது, அதெல்லாம் எனக்கு எதுக்கு? எழுதினா எழுதின இடத்துல இருக்கணும். நான் எழுதினது நான் எழுதின மாதிரியே இருக்கணும். சிரிக்காதீங்க சார், எங்க வீட்ல அது பெரிய விஷயம்.

சாஃப்ட்வேர் இல்லாம இல்ல. இருக்கு. இருக்கறதுதான் பிரச்சினையே. இன்டர்நெட்லயே எழுதி இன்டர்நெட்லயே சேமிச்சுக்கும் பாருங்க, அந்த ரகம். மாமனார் வாங்கிப் போட்டது. கம்ப்யூட்டரும் அவரோடது. வீடும் அவரோடது. நான்... ஆமா சார், வீட்டோட மாப்பிள்ளை. தாராளமா சொல்லுங்க, கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போச்சு. கல்யாணம் ஆன புதுசுல நான் வேலை பார்த்த கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க. வேற வேலை கிடைக்கற வரைக்கும் இங்க இருங்க மாப்பிள்ளேன்னார். இருந்தேன். இன்னும் இருக்கேன். நாலஞ்சு கடைங்களுக்கு வீட்லேர்ந்தே கணக்கு எழுதித் தர்றேன், ஏதோ ஓடுது.

நல்ல மனுஷன் சார் அவர். கெட்டவர்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். சாப்பாட்டு விஷயத்துல ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. ஆனா ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவர். காலம் பூரா அடுத்தவங்க எழுதினதத் திருத்தியே சம்பளம் வாங்கினவர். ரிட்டயர் ஆயிட்டா கை சும்மா இருக்குமா? திருத்த ஒரு ஆள் வேணும்ல. நான் கிடைச்சேன்.

வீட்டுக்கே ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. எல்லாம் அவர் பேர்ல. எங்க எல்லார் போன்லயும் அதையே போட்டு வச்சிருக்கார். நான் எதைத் திறந்தாலும் மேல மூலையில அவர் பேர்தான் நிக்கும். உள்ள எனக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர் குடுத்திருக்கார். அதுக்கு என்ன பேர் வச்சிருக்கார் தெரியுமா? மாப்பிள்ளை, பக்கத்துல ஒரு கோடு, தற்காலிகம். சிரிங்க சார், நானும் முதல்ல சிரிச்சேன். குழந்தை பிறந்தா அதுக்கு என்ன ஃபோல்டர் போடுவார்னு நானும் என் மனைவியும் பேசிப் பேசிச் சிரிச்சிருக்கோம். குழந்தை பிறக்கல, அது வேற விஷயம்.

நான் உள் அறையில தட்டிக்கிட்டு இருப்பேன். அவர் கூடத்துல நாற்காலில சாஞ்சு போனைப் பார்த்துக்கிட்டு இருப்பார். திடீர்னு என் வரிக்கு நடுவுல ஒரு கலர் கோடு வந்து நிக்கும், தலைக்கு மேல அவர் பேரோட. மினுக்கு மினுக்குன்னு. நான் ஒரு வார்த்தை நகர்ந்தா அதுவும் ஒரு வார்த்தை நகரும். எனவேன்னு எழுதினா ஆகவேன்னு மாத்துவார். சரின்னு அடுத்த தடவ நானே ஆகவேன்னு எழுதினேன். எனவேன்னு மாத்தினார். அதுக்கு என்ன சார் பண்றது? சுவத்துல போய் முட்டிக்கலாமா?

கடைக்குப் போக சாமான் லிஸ்ட் எழுதினேன். சோப்பு, பல்பு, விளக்குமாறு. கடையில நின்னு போன்ல திறந்து பார்க்கறேன், அடியில பார்த்தேன்னு ஒரு வார்த்தை, கூடவே அவர் இனிஷியல். விளக்குமாறு வாங்கறதுக்கு மேலிடத்து ஒப்புதல்! ஒரு தடவ செருப்புக் கடைக்காரர் கணக்குல புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கற எண்ணெல்லாம் பார்க்க அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டார். கூட்டல் உதைக்குது. கடைக்காரர் என்னைத் திருட்டுப் பய மாதிரி மேலயும் கீழயும் பார்க்கறார். வீட்டுக்கு வந்து கேட்டா, இப்பதான் மாப்பிள்ளே பார்க்கச் சுத்தமா இருக்குங்கறார். ஆமா மாமான்னேன்.

என் பேர்ல புதுசா ஒரு கணக்கு ஆரம்பிக்கலாம்தான். எனக்குத் தோணாதா? கம்ப்யூட்டர்ல புதுசா யார் உள்ள வந்தாலும் அவர் போன்ல டிங்குன்னு அடிக்கற மாதிரி பண்ணி வச்சிருக்கார். திருடன் வந்தா தெரியணுமாம். என் போன்லயா? இதோ பாருங்க, கண்ணாடி எப்படி விரிசல் விட்டிருக்குன்னு. இதுல பேர் தேடி போன் பண்றதே பெரும்பாடு, அப்ளிகேஷன் எழுதறதாவது.

ஆமா, அப்ளிகேஷன்தான். வேலைக்கு. ரொம்ப தூரத்துல சார், ரயில்ல ஒரு முழு நாள். மீன், காய்கறியெல்லாம் கெடாம வைக்கற குளிர்பதனக் கிடங்கு. அங்க கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பா ஆள் கேக்கறாங்க. வீடும் தர்றாங்க. குடும்பத்தோட வர்றவங்களுக்குத் தனி வீடு, தனியா வர்றவங்களுக்கு நாலு பேர் படுக்கற ரூம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். அதான் இப்படி உங்க உயிரை எடுக்கறேன்.

வீட்ல சொல்லிட்டேனாவா? மாமனார்கிட்ட எங்க சொல்றது. என் மனைவிக்குத் தெரியும். தெரியும் என்ன, இந்த வேலையக் கண்டுபிடிச்சதே அவதான். அதோ, எதிர்ல தையல் கடையில நிக்கறா பாருங்க, பச்சைப் பை வச்சுக்கிட்டு. அவதான். அவ என் கட்சி சார். எப்பவும் என் கட்சி. அப்பா தொணதொணப்பு தாங்கலைங்க, எங்கயாவது போயிடலாம்ங்க, கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்னு தினம் சொல்லுவா. அந்தக் கிடங்குக்காரங்க வீட்டைப் படம் பிடிச்சுப் போட்டிருந்தாங்க. ரெண்டு ஜன்னல் தெரியுது. அதுக்கு என்ன கலர்ல திரை போடலாம்னு என்கிட்ட கேட்டா. நீலம்னேன். அழுக்கு தெரியும், பழுப்புப் போடலாம்னா. அந்த அளவுக்குப் பேசியாச்சு.

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாமா? எங்க சார் பூட்டறது. சாவி எல்லார்கிட்டயும் இருக்கே.

பாதி எழுதினதா... முழுசாவே எழுதிட்டேன். முந்தாநேத்து மத்தியானம். எல்லாம் எழுதி, கடைசி வரியில, குடும்பத்தோட வந்து குடியிருக்கத் தயார்னு முடிச்சேன். கோடு வந்துது. மாமனார் பேர் போட்ட அதே கோடு. செத்தோம்டா, மனுஷன் பார்த்துட்டார்னு நினைச்சேன். நேரா கடைசி வரிக்கு வந்து, குடும்பத்தோடங்கற வார்த்தைக்குப் பின்னால நின்னுது. ரொம்ப நேரம் நின்னுது சார். கமாவுக்கு இடம் தேடறார் போலன்னு கூட நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு எழுத்தா அழிஞ்சுது. அந்த ஒரு வார்த்தை மட்டும். வேற எதையும் தொடல. வந்து குடியிருக்கத் தயார், அது அப்படியே இருக்கு.

எனக்கு வந்த கோவம் இருக்கே. இத்தனை வருஷமா வாயே திறக்காதவன், இன்னிக்குக் கேட்டே தீர்றதுன்னு எழுந்தேன். பொண்ண வச்சுக்கிட்டு என்னை மட்டும் அனுப்பப் பார்க்கறீங்களான்னு கேக்கணும். வார்த்தையெல்லாம் வரிசையா நாக்கு நுனில நிக்குது. கூடத்துக்கு வந்தா நாற்காலி காலி. அவர் வாசல்ல இருக்கார். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியக் குறுக்க நிறுத்திட்டார்னு சண்டை. ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்திக்கிட்டு இருக்கார், தெருவே வேடிக்கை பார்க்குது. அவர் போன் உள்ள அலமாரி மேல சார்ஜ்ல கிடக்கு.

வேற யாரு சார் இருக்காங்க எங்க வீட்ல? மாமியார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. மூணே பேர்தான் நாங்க. யார் போன்லேர்ந்து தொட்டாலும் கோடு அவர் பேர்லதான் வரும்.

அவ சமையல்கட்டுல இருந்தா. எனக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு இருந்தா, அவ போன் மேடை மேல வெளிச்சமா இருந்துது. நான் வந்தது தெரிஞ்சு, திரும்பாமலே டீ போடட்டுமான்னா. போடுன்னேன். போட்டுக் குடுத்தா. குடிச்சேன். சர்க்கரையெல்லாம் சரியாத்தான் இருந்துது.

கேக்கலை சார். எப்படிக் கேக்கறது? அப்பாவை விட்டுட்டு வர மனசில்லையா, இல்ல என்னைத்தான்... தெரியல. மாமனார்னா சண்டை போட்டுடுவேன். அந்த ஆளால்தான் நான் அடைஞ்சு கிடக்கேன், கதவைத் திறந்தா ரெண்டு பேருமா ஓடிடுவோம்னு இத்தனை நாளும் நினைச்சிருந்தேன். இப்பக் கேட்டா, அவ பதில் சொல்லிடுவாளேன்னு பயமா இருக்கு சார். சொல்லிட்டா அப்புறம் நான் அந்த வீட்ல எந்த உரிமைல உக்கார்றது, எந்த முகத்தோட கிளம்பறது?

என்னது, பென் டிரைவ்லயே ஓடுமா? கம்ப்யூட்டர்ல ஏத்தவே வேண்டாமா? இன்டர்நெட்டும் வேண்டாம், பேரும் கேக்காது... இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். இலவசம்னா அழகு கம்மியா இருக்கும்தான், இருந்துட்டுப் போகட்டும். போடுங்க, சீக்கிரம் போடுங்க. பக்கத்துல இருக்கற பிரவுசிங் சென்டர்ல உக்கார்ந்து எழுதிடறேன். அந்த வார்த்தைய நான் திரும்ப எழுதணும். எழுதிட்டு, அது அழியாம அப்படியே நிக்கறத ஒரு தடவ பார்க்கணும். அனுப்பறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம் யோசிச்சுக்கறேன்.

சார், அவ ரோட்டைத் தாண்டறா. அந்தப் பென் டிரைவைக் கொஞ்சம் கீழ வச்சுக்கோங்க. மேசைக்குக் கீழ.

வாம்மா, துணி குடுத்துட்டியா? ஒண்ணுமில்ல, சும்மா மவுஸ் பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்ம வீட்டுது கொஞ்சம் மக்கர் பண்ணுதுல்ல, அதுக்கு.