முதல் ஓட்டம் கணக்கில் இல்லை

கணினி வேகமாக இருக்கிறது என்று யாராவது வாயால் சொன்னால் நான் நம்புவதில்லை, ஐயா. கண் பொய் சொல்லும். ஒரே மாதிரி இரண்டு கணினிகளை எடுத்து, ஒன்றில் பழைய இயங்குதளம், மற்றதில் புதியது போட்டு, ஒரே வேலையைப் பலமுறை கொடுத்து நேரம் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினோரு வருடமாக என் வேலையே அதுதான்.

புதியதைக் கொண்டுவந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. எனக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தவன். பத்துத் தடவை ஓடவிட்டுக் காட்டி, "பறக்குது பாருங்க மாமா. உங்க பழசைத் தூக்கி மூலையில போடுங்க" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் ஓட்டத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அது எப்போதும் மந்தம் என்று சோதிப்பவர்கள் விட்டுவிடுவது வழக்கம்தான். ஆனால் கொஞ்ச நேரம் சும்மா கிடந்த கணினிக்கு அடுத்து வரும் அழைப்புதானே முதல் ஓட்டம். அப்போது பழையதில், அழைத்தவர் வீட்டைக் காட்டும் வரைபடம் ஆறு வினாடியில் திறந்தது. புதியதில் நான்கு நிமிடம். வரைபடம் திறக்காமல் வண்டி கிளம்பாது.

இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு தடவை நடந்ததைச் சொன்னால் தற்செயல் என்று தட்டிக்கழிப்பான். அவன் வாயைத் திறக்க முடியாதபடி முப்பது தடவை வேண்டும். குறித்துக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டு சேர்ந்தன. அதில் மூன்று வீடுகளில் வண்டி போவதற்குள் முடிந்துவிட்டது. வருத்தம்தான், ஆனால் அந்தச் சனியனைக் கொண்டுவந்தவன் நானில்லை.

அடுத்தது ஒரு மதியம் வந்தது. அழைப்பை எடுத்த பெண்ணின் பின்னால் நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில், "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குதும்மா, மூச்சு விடவே முடியல, சீக்கிரம் அனுப்பு" என்றது என் மாமியாரின் குரல்.

"சார், இது அப்படியே நிக்குது. பக்கத்து மெஷினுக்கு மாறிக்கட்டுமா?"

"பொறும்மா, திறந்துடும்" என்றேன். நடுவில் கை வைத்தால் அளவு கெட்டுவிடும். மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

வண்டி போனபோது மாமனார் இல்லை. மச்சினன் என் தோளில் சாய்ந்து அழுதான். அப்போதும் அவன்மேல் கோபம் தணியவில்லை.

அந்த ஒரு அழைப்பை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை, ஐயா. சொந்தக்காரர் விஷயத்தில் பாரபட்சம் பார்த்தேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். முப்பதுக்கு இன்னும் எட்டு பாக்கி இருந்தது.