கேப்டன் கேட்டது எந்த லோம்பே?

மேடையில் வீற்றிருக்கும் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜெரே அவர்களே! பாதிரியார் அவர்களே! தலையை மூடி முன்வரிசைத் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வேலை முடிந்த கையோடு, குளிக்கக்கூட நேரமில்லாமல் வந்து நிற்கும் கிட்வே நகரத் தோழர்களே! உங்களுக்கு வணக்கம் சொல்லத்தான் எழுந்தேன், மேடையில் வாசித்துத்தான் பழக்கம், பேசிப் பழக்கமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் போய்விட்டார்! நம் டாம்சன் கபெம்ப்வா போய்விட்டார்! பகலில் பூமிக்குள் இறங்கினால் செம்புப் பாறை உடைப்பவர்களுக்கு அவர் கேப்டன். மாலையில் மேலே வந்து கித்தாரைத் தோளில் மாட்டினால் நம் எல்லோருக்கும் அவர் கேப்டன். ராக் இசை வெள்ளைக்காரன் சரக்கு என்று சொன்னார்கள். சொல்லட்டுமே! சுரங்கத்தில் வெடி வைத்ததும் நிலம் அதிருமே, அந்த அதிர்வைக் கித்தாரில் கொண்டுவந்தவர் யார்? கபெம்ப்வா! இந்த மன்றத்தின் ஜன்னல் கண்ணாடியை வாசித்தே விரிசல் விடச் செய்தவர் யார்? கபெம்ப்வா! சங்கம் இன்னும் அந்தக் கண்ணாடியை மாற்றவில்லை.

அவர் பக்கத்தில் நின்று பேஸ் கித்தார் வாசித்த சில்வெஸ்டர் கபாசோ நான். எல்லாப் பாட்டிலும் இருந்தவன் என்பதால் என்னிடம் ஒரு தீர்ப்பு கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள் என்றால் மன்னியுங்கள். நானே குழம்பிப்போய் நிற்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கேப்டன் என் கையைப் பிடித்தார். "கபாசோ, என்னைக் குழியில இறக்கும்போது லோம்பே பாட்டப் போடுங்கடா" என்றார். "சரி கேப்டன்" என்றேன் நான். எந்த லோம்பே என்று கேட்க வாயெடுப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

எந்த லோம்பே, தோழர்களே? மூன்று இருக்கிறதே! முதல் இசைத்தட்டில் "லோம்பே". அடுத்ததில் "லோம்பே, வா". அதற்கடுத்ததில் "வா, லோம்பே"! புத்தியுள்ள மனிதன் இப்படிப் பெயர் வைப்பானா? போதாக்குறைக்கு, நைரோபியில் தட்டு அச்சடித்தவர்கள் இரண்டு தட்டின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள். நேயர் ஒன்றைக் கேட்பார், வானொலிக்காரர் இன்னொன்றைப் போடுவார், கேட்டவர் அதையே ரசித்துவிட்டு நன்றி எழுதுவார். நாளைக் காலை கல்லறைத் தோட்டத்தில் நமக்குப் பின்னால் வேறு சவ ஊர்வலங்கள் காத்திருக்கும். ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் தந்திருக்கிறார்கள்.

தலைவர் ஜெரே அவர்கள் ங்கோனி இனத்தவர், நாங்கள் பெம்பா இனம். எங்கள் சாவு வீட்டில் எங்களையே கேலி பேச, இரண்டு இனத்துக்கும் உள்ள பழைய வழக்கப்படி, அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவர் துளியும் வீணாக்குவதில்லை. நேற்று கேப்டன் வீட்டு முற்றத்தில் கேப்டனின் படத்துக்கு முன்னால் நின்று, "யோவ் கபெம்ப்வா! உசிரோட இருந்தப்ப ஒழுங்கா ஒரு பேர் வைக்கத் தெரியல. சாகறப்பவாவது தெளிவா சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். தலைவரே, சிரிக்க வைத்ததற்கு நன்றி. ஆனால் குழப்பம் தீரவில்லை.

லோம்பே என்பது கேப்டனின் தாயார் பெயர். அந்த அம்மா இறந்தபோது, பெயர் அழியக் கூடாது என்று எங்கள் வழக்கப்படி மூத்த மகள் அகதாவைப் பாயில் உட்காரவைத்து, வெள்ளைப் பாசிமணி கட்டி, அதே பெயர் சூட்டி லோம்பே ஆக்கினார்கள். அன்றோடு அகதா கேப்டனுக்கு அக்கா இல்லை, அம்மா! தலை நரைத்த பிறகும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அம்மா, சாப்டீங்களா?" என்றுதான் அவரிடம் பேசுவார். அதோடு விட்டாரா? தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்ட பெண்ணின் பெயரும் லோம்பே! சரி, எங்கள் டிரம்ஸ்காரன் பெயராவது வேறா? அவனும் லோம்பே!

டிரம்ஸ்காரன் சொல்கிறான்: "அண்ணே, மூணாவது எனக்குத்தான். கோச்சுக்கிட்டு எல்லை தாண்டி லுபும்பாஷி போய்ட்டேனா, ரேடியோல 'வா, லோம்பே'ன்னாரு. அடுத்த பஸ்ஸ பிடிச்சு வந்துட்டேன்." அகதா அம்மா விடுவாரா? "உன்னையா கூப்ட்டான்? நீ தூக்கிட்டு ஓடினியே ஆம்ப்ளிஃபயர், அதக் கூப்ட்டான்டா! மூணும் எங்கம்மாவுக்குப் பாடினது." பாட்டின் சொற்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றிலும் கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். மீதியெல்லாம் கித்தார்.

இந்தச் சண்டையைக் கேட்டு நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது காங்வாவின் அம்மா என்னைத் தனியே அழைத்தார். கேப்டனின் மனைவியை, பிள்ளையின் பெயரை வைத்து, காங்வாவின் அம்மா என்றுதானே நாமெல்லாம் அழைக்கிறோம்? கேப்டனும் அப்படித்தான் அழைத்தார். தாயின் பெயரைத் தாங்கியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர் நாக்கு எழவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணே, என் பேர வீட்ல அவர் ஒரு தடவகூட சொன்னதில்ல. பாட்டுலயாவது சொன்னாருன்னு நெனச்சுதான் இத்தனை காலம் இருந்தேன். அது நானா, இல்ல அவங்கம்மாவா? நீங்க கூடவே நின்னீங்களே, சொல்லுங்க."

கூட நின்றவன்தான். கேப்டனிடம் கேட்டு வைத்திருக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றியது?

வாசித்துப் பார்த்தால் நினைவு வரும் என்று, நானும் டிரம்ஸ்காரனும் முற்றத்திலேயே உட்கார்ந்தோம். முதல் லோம்பேயை வாசித்தோம். இரண்டாவதைத் தொடங்கினோம், என் கை அதே இடத்துக்குப் போயிற்று. மூன்றாவதும் அதேதான்! அவனும் அதே அடிதான் அடித்துக்கொண்டிருந்தான். ஆயுள் முழுக்க நாங்கள் இருவரும் வாசித்தது ஒரே பாட்டைத்தான், தோழர்களே! அதை மூன்றாக்கியது அவர் கித்தார். அவர் வாசிக்கும்போது நான் அவரைக் கேட்டேனே தவிர, என்னைக் கேட்டதில்லை. நாங்கள் நிறுத்தியதும், "இது அம்மாவோடது" என்று அகதா அம்மா கண்ணைத் துடைத்தார். வாசலில் காங்வாவின் அம்மா, "இல்ல, இது என்னோடது" என்று மெல்லச் சொன்னார். யாரும் சண்டை போடவில்லை.

ஆகவே இந்தச் சபையில் அறிவிக்கிறேன். நாளை தட்டு சுழலாது. நாங்கள் இரண்டு பேரும் வாசிப்போம். இனி சனிக்கிழமைதோறும் இதே மன்றத்தில் வாசிப்போம். கித்தார் எடுத்துக்கொண்டு வர யாருக்குத் துணிவு இருக்கிறதோ, வாருங்கள்! கேப்டனின் வேலை நிற்காது, நிற்க விடமாட்டோம்!

காங்வாவின் அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் யாரை அழைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. மெய்யாகவே தெரியவில்லை. ஆனால் லோம்பே என்று அவர் பாடும் இடம் வரும்போது நாளை நாங்கள் பாடமாட்டோம். கையை எடுத்துவிட்டு நிற்போம். நீங்களும் அவரைக் காங்வாவின் அப்பா என்றுதானே அழைத்தீர்கள்? அந்த இடத்தில், ஊர் என்ன சொன்னாலும் சரி, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் அம்மா.